வழிவிட்ட கவுன்சில்: ஆஷ்டன் ஹேய்ஸின் முதல் ஆண்டு

இங்கிலாந்தின் வடமேற்கில், செஷைர் கவுண்டியில், செஸ்டர் நகருக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி ஆஷ்டன் ஹேய்ஸ் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஆயிரத்தை ஒட்டி வரும். தேவாலயம், தொடக்கப்பள்ளி, பப், சுற்றிலும் வயல், சற்றுத் தள்ளி டெலமியர் காடு. ரயில் ஏற வேண்டுமானால் பக்கத்து ஊரான மோல்ட்ஸ்வொர்த்துக்குப் போக வேண்டும். 2005 நவம்பரில் இந்த ஊரின் பாரிஷ் கவுன்சில், அதாவது உள்ளாட்சியின் கடைசி அடுக்கு, ஒரு யோசனைக்கு ஆதரவு சொன்னது. இங்கிலாந்தின் முதல் கார்பன் சமநிலைக் கிராமமாக ஊரை மாற்றப் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. அதாவது, ஊரார் வீட்டிலும் பயணத்திலும் வெளியிடும் கரியமில வாயுவை முடிந்தவரை குறைப்பது, மிச்சத்துக்கு ஈடு தேடுவது. 2006 ஜனவரியில் வேலை தொடங்கியது. முதல் ஓராண்டிலேயே வீடுகளின் உமிழ்வு 20 சதவீதம் குறைந்ததாகச் செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் பருவநிலைக் கதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து நியூயார்க் டைம்ஸ் ஆள் அனுப்பி எழுதியதும் அந்தக் கோணத்தில்தான். எனக்கு இதில் சுவையாகப் படுவது உள்ளாட்சிப் பக்கம். அதிகாரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் எதுவும் இல்லாத, கையில் காசும் இல்லாத ஓர் அமைப்பு, தன் வரம்புக்குள் வராத ஒரு விஷயத்தில் ஓராண்டு எப்படி நடந்துகொண்டது என்பதை இங்கே பார்க்கலாம்.

பாரிஷ் கவுன்சிலுக்கு என்ன அதிகாரம்?

பாரிஷ் என்றதும் திருச்சபைப் பங்கு நினைவுக்கு வரும். வேர் அங்கேதான் இருக்கிறது. ஊரின் பொதுக்காரியங்களைத் தேவாலயத்தோடு ஒட்டிய வெஸ்ட்ரி என்ற கூட்டம் பல நூறு ஆண்டுகள் கவனித்துவந்தது. 1894இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் அந்தச் சிவில் வேலைகளைப் பிரித்தெடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத அந்தக் காலத்தில், பாரிஷ் கவுன்சிலில் பெண்கள் ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம் என்றது அதே சட்டம். இன்று இங்கிலாந்தில் பாரிஷ், டவுன் கவுன்சில்கள் சேர்த்துச் சுமார் 10,000 இருக்கின்றன.

பெயரைப் பார்த்து நம் ஊராட்சி மன்றம் மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது. மேலிருந்து திட்ட நிதி இறங்கி வந்து, அதைப் பங்கிட்டுச் செலவழிக்கும் அமைப்பு இல்லை அது. கவுன்சிலர்களுக்குச் சம்பளம் கிடையாது. சின்ன ஊர்களில் பகுதிநேரமாக ஒரு கிளார்க் இருப்பார். கடிதம், கணக்கு, அஜெண்டா, மினிட்ஸ் எல்லாம் அவர் தலையில். வருமானம் பெரும்பாலும் பிரிசெப்ட் ஒன்றுதான். ஊரார் கட்டும் கவுன்சில் வரியோடு சேர்த்து மேலடுக்கில் உள்ள பெரிய கவுன்சில் வசூலித்துக் கொடுக்கும் சிறு பங்கு அது. அதில் பூங்கா பெஞ்சு, பஸ் நிறுத்தக் கூரை, விளையாட்டுத் திடல், சில ஊர்களில் இடுகாடு, தெருவிளக்கு, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் என்று பார்த்துக்கொள்வார்கள். ரோட்டில் குழி விழுந்தால் இவர்கள் மூட முடியாது, மேலே எழுதிப் போடத்தான் முடியும். புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கவும் முடியாது. கருத்துக் கேட்பார்கள், சொல்லலாம். கேட்டவர்கள் அதன்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தக் கவுன்சில்களின் ஆண்டுக்கு ஒரு தாளகதி உண்டு. ஏப்ரல் 1இல் புதுக் கணக்கு. மே மாதம் கவுன்சிலின் ஆண்டுக் கூட்டம். முதல் வேலையே தலைவரைத் தேர்ந்தெடுப்பது. மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் வாக்காளர்கள் அத்தனை பேருக்குமான பாரிஷ் கூட்டம் ஒன்று நடந்தாக வேண்டும். கோடையில் வரவுசெலவுக் கணக்கை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கத் திறந்து வைப்பார்கள். நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கு மலர்வளையம். குளிர்காலத்தில் பட்ஜெட். ஜனவரி வாக்கில் அடுத்த ஆண்டுக்குப் பிரிசெப்ட் எவ்வளவு என்று பெரிய கவுன்சிலுக்குச் சொல்லிவிட வேண்டும். இடையிடையே புல் வெட்டுகிறவர் பில், நாய்க்கழிவுப் பிரச்சினை, காரை வேகமாக ஓட்டுகிறவர்கள் மீது புகார். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே அஜெண்டா ஒட்டியாக வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் உரிமை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புது எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். உள்ளாட்சிகளோடு பின்னாளில் பிரதமராக அவர் போட்ட சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது சற்று வேடிக்கையாக இருக்கும்.

எந்தச் சட்டத்திலும் அதிகாரம் சொல்லப்படாத ஒரு நல்ல காரியத்துக்குச் செலவு செய்யவும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவு அது. ஒரு வாக்காளருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த உச்சவரம்புக்குள் செலவழிக்கலாம். 2024-25இல் கூட அந்த வரம்பு தலைக்கு 10.81 பவுண்ட்தான். எழுநூறு, எண்ணூறு வாக்காளர் உள்ள ஊர் என்றால் மொத்தமே எட்டாயிரம் சொச்சம் பவுண்ட். அதையும் முழுசாகச் செலவழித்தால் அடுத்த பாரிஷ் கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

கார்பன், மின்சாரம், வீட்டுச் சூடு எல்லாம் இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? 2005 நவம்பரில் எங்கேயும் இல்லை. உள்ளூரில் எரிசக்திச் சேமிப்பை ஊக்குவிக்கும் அதிகாரத்தைப் பாரிஷ் கவுன்சில்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்த சட்டம் 2006 ஜூனில்தான் அரச ஒப்புதல் பெற்றது. ஆஷ்டன் ஹேய்ஸ் அதற்கு ஐந்து மாதம் முன்பே கூட்டம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டது.

பப்பிலிருந்து கூட்டத்துக்கு

யோசனை கவுன்சிலுடையது அல்ல. கேரி சார்னாக் என்ற ஊர்க்காரருடையது. பத்திரிகையாளராக இருந்தவர், நீரியல் படித்தவர். 2005இல் ஹே-ஆன்-வை இலக்கிய விழாவுக்குப் போய், பருவநிலை பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டு வந்த பிறகு, நம் ஊரளவில் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார். முதலில் பப்பில் நண்பர்களிடம் போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் பாரிஷ் கவுன்சிலிடம் வந்தார்.

இந்த வரிசை முக்கியம். தனி ஆள் ஒருவர் வீடு வீடாகப் போய் உங்கள் கரண்ட் பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டால், எந்த ஊரிலும் கதவு பாதிதான் திறக்கும். இவர் யாரோ ஒரு கொள்கைப் பைத்தியம் என்று நினைப்பார்கள், அல்லது எதையோ விற்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். கவுன்சில் ஆதரவு தந்ததும் அது ஊர்க்காரியம் ஆகிவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கடிதத்துக்கும், பள்ளிக் கூடத்தை மாலையில் கொடுங்கள் என்று கேட்பதற்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது. பணமோ சட்ட அதிகாரமோ இல்லாத கவுன்சிலிடம் கொடுப்பதற்கு இருந்த ஒரே பொருள் அந்தக் கனம்தான். அதைக் கொடுத்தது.

கொடுத்துவிட்டு என்ன செய்யவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தனக்குக் கீழே துணைக்குழு ஒன்றை அமைத்து, திட்டத்தைத் தன் மாதாந்திரக் கூட்டத்தின் ஓர் அஜெண்டா வரியாகச் சுருக்கியிருக்கலாம். அப்படிச் சுருங்கிச் செத்துப்போன நல்ல யோசனைகள் உலகம் முழுக்க உண்டு. இங்கே நடத்தும் பொறுப்பு தன்னார்வலர்களிடமே இருந்தது. கவுன்சில் முதுகுக்குப் பின்னால் நின்றது. மூன்று நாள் முன்பே அறிவிப்பு, மினிட்ஸ், செலவுக்கு எந்தச் சட்டப்பிரிவு என்ற கேள்விகள் எல்லாம் ஒரு கவுன்சிலுக்கு அவசியம்; மாலை ஏழு மணிக்கு ஒருவர் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடும் கூட்டத்துக்கு அவை கால்விலங்கு.

400 பேர் வந்த மாலை

தொடக்கக் கூட்டம் 2006 ஜனவரி 26 அன்று ஊர்ப் பள்ளியில் நடந்தது. நம்மூரில் கிராம சபை கூடும் அதே தேதி, தற்செயல்தான். சுமார் 400 பேர் வந்தார்கள். குழந்தைகளையும் சேர்த்தே ஆயிரம் பேர் உள்ள ஊரில் 400 என்றால், பெரியவர்களில் பாதிக்கும் மேல். ஜனவரிக் கடைசியில் அந்தப் பகுதியில் நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும், குளிர். தொடக்கப்பள்ளியின் இடமோ ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் அளவுக்குக் கட்டியது. பாரிஷ் கூட்டங்களுக்குப் பல ஊர்களில் கவுன்சிலர்களைத் தவிர விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வருவார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் அளவு புரியும்.

அரசியல்வாதிகள் மேடையில் பேசக் கூடாது என்று ஒரு விதி வைத்தார்கள். வரலாம், கேட்கலாம், பேச வேண்டாம். இந்தத் திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான முடிவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஆண்டுகளில் பிரிட்டனின் பெரிய கட்சிகள் பசுமைக் கொடியைப் பிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. எந்தக் கட்சிக்காரர் மைக்கைப் பிடித்திருந்தாலும் மறுநாள் இது அவர்கள் திட்டம் ஆகியிருக்கும். மற்றக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற பாதி ஊர் பின்வாங்கியிருக்கும். பாரிஷ் அளவில் இதைச் செய்வது ஓரளவு சுலபம். இந்தக் கவுன்சில்களில் நிறையப் பேர் கட்சிச் சின்னம் இல்லாமலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கவுண்டி அளவில் இந்த விதியைப் போட முயன்றிருந்தால் விதியைப் பற்றியே ஆறு மாதம் விவாதம் நடந்திருக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் கடைப்பிடித்தார்கள். யாரையும் குறை சொல்வதில்லை. பெரிய கார் வைத்திருப்பவரைப் பார்த்து முகம் சுளிப்பது, ஆண்டுக்கு மூன்று தடவை ஸ்பெயினுக்குப் பறப்பவரை ஜாடையாகப் பேசுவது, இதெல்லாம் கூடாது. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கலாம். சின்ன ஊரில் ஒருவர் முகம் வாடினால் அவர் வீட்டுக் கதவு மட்டுமல்ல, அண்ணன் தம்பி, சம்பந்தி வீட்டுக் கதவுகளும் சேர்ந்து மூடும் என்பதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டிராயரில் கிடந்த பில்கள்

கூட்டம் முடிந்த உற்சாகத்தில் ஆளுக்கொரு மரம் நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இவர்கள் அளக்க ஆரம்பித்தார்கள். செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியரான ராய் அலெக்சாண்டர் அதே ஊர்க்காரர். அவருடைய மேற்பார்வையில் மாணவர்கள் வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போனார்கள்.

கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. கடந்த ஓராண்டில் எத்தனை யூனிட் மின்சாரம்? சூடேற்ற என்ன எரிபொருள், எவ்வளவு? கார் எத்தனை மைல் ஓடியது? விமானத்தில் எங்கெங்கே போனீர்கள், எத்தனை பேர்? இவற்றுக்குப் பதில் சொல்ல ஒருவர் எழுந்து போய்ச் சமையலறை டிராயரில் கிடக்கும் பில்களை எடுத்துவந்து கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த நாள் வரை அந்த எண்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகைகளாக மட்டுமே இருந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டையும் கிலோ கார்பனாக மாற்றி, அதை அண்டை வீட்டுச் சராசரியோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால் விஷயம் வேறு.

குறிப்பாக விமானம். லண்டனிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பினால் ஒரு பயணிக்குச் சுமார் ஒரு டன் கரியமில வாயு கணக்கில் ஏறும். 2006இல் பிரிட்டனின் மொத்த உமிழ்வைத் தலைக்கு வகுத்தால் ஒன்பது டன் வரும். அதில் தொழிற்சாலை, மின்நிலையம் எல்லாம் அடக்கம். அதாவது மஞ்சள் பல்பை மாற்றி, ஹீட்டரைக் குறைத்து ஆண்டு முழுவதும் சேர்த்ததை ஒரு வாரக் கடைசிப் பயணம் தின்றுவிடும். ஆண்டுக்கு நாலு தடவை விமானம் ஏறும் குடும்பம் தன் தாளின் கடைசி வரியைப் பார்க்கும்போது, அறிவுரை சொல்ல வேறு ஆள் தேவைப்படுவதில்லை.

கேள்வி கேட்டவர்கள் வெளியூர் மாணவர்களாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் விடுமுறைச் செலவை எழுதிக்கொண்டு போவதை யாரும் ரசிக்க மாட்டார்கள். மாணவருக்கோ அது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்களம் கிடைத்தது, ஊருக்கு இலவசமாக அளவீடு கிடைத்தது. கவுன்சில் பிரிசெப்டிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி இதே வேலையைச் செய்ய நினைத்திருந்தால், மதிப்பீட்டுக் கட்டணத்தைப் பார்த்த கூட்டத்திலேயே விஷயம் முடிந்திருக்கும்.

அந்த ஆண்டு ஊரார் செய்த காரியங்களில் வியக்க எதுவும் இல்லை. துணி உலர்த்தும் இயந்திரத்தை விட்டுக் கொடியில் காயப்போட்டார்கள். அந்த இயந்திரம் ஒரு முறை ஓட இரண்டு மூன்று யூனிட் இழுக்கும். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கூரைக்கு உள்ளே காப்புப் பஞ்சு, 60 வாட் பல்புக்குப் பதில் 11 வாட் சி.எஃப்.எல். வீட்டுக்குள் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைத்து வைப்பது. விமானப் பயணத்தைக் குறைப்பது. சில வீடுகளில் சூரியத் தகடு, அது அப்போது விலை அதிகம். எல்லாம் அரசு துண்டுப்பிரசுரங்களில் பல ஆண்டுகளாக அச்சிட்டுத் தபால்பெட்டியில் போட்டுவந்த அறிவுரைகள்தான். பிரசுரத்தை மதிக்காதவர்கள், எதிர்வீட்டுக்காரர் கொடி கட்டியதும் தாங்களும் கட்டினார்கள்.

20 சதவீதத்தை எப்படிப் படிப்பது

முதல் ஓராண்டில் 20 சதவீதம். பத்தாண்டு முடிவில், 2016இல், நியூயார்க் டைம்ஸ் எழுதிய கணக்கு 24 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தக் குறைப்பின் பெரும்பகுதி முதல் பன்னிரண்டு மாதத்திலேயே முடிந்துவிட்டது. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் கூடுதலாக வந்தது நான்கு புள்ளிகள்.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். முதலாவது, செலவில்லாத குறைப்புகள் முதலில் தீர்ந்துவிடும். பல்பை ஒருமுறைதான் மாற்ற முடியும். கூரைக்குப் பஞ்சு விரித்தாகிவிட்டால் அடுத்தது சுவர், அதற்கடுத்தது பாய்லரையே தூக்கிப் போடுவது. அங்கே ஆயிரக்கணக்கில் பவுண்ட் தேவை. பழைய செங்கல் வீடு என்றால் இன்னும் சிக்கல். இரண்டாவது விளக்கம் அளவீட்டைப் பற்றியது. கேள்வித்தாள் வைத்துச் செய்யும் எந்த ஆய்விலும் ஆர்வம் உள்ளவர்கள்தான் கதவைத் திறப்பார்கள், அடுத்த ஆண்டும் அவர்களே திறப்பார்கள். அவர்கள் வீட்டில் குறைந்ததை ஊருக்கே குறைந்ததாகப் பெருக்கும்போது சற்று மிகையாகத்தான் வரும். முதல் ஆண்டு உற்சாகம் உச்சத்தில் இருந்தபோது இது இன்னும் அதிகமாக வேலை செய்திருக்கலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்று கொள்வதே நியாயம்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். இதே பத்தாண்டில் பிரிட்டன் நாடு முழுவதுமே தன் கரியமில உமிழ்வைச் சுமார் முப்பது சதவீதம் குறைத்திருந்தது. அதில் பெரும்பங்கு யாரும் கொடியில் துணி காயப்போட்டதால் வந்தது அல்ல. 2006இல் பிரிட்டனின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. 2016இல் அது ஏறத்தாழ 9 சதவீதம். நிலக்கரி மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, காற்றாலைகள் எழுந்தன. நாட்டுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒன்றல்லதான். நாட்டுக் கணக்கில் வெளிநாட்டு விமானப் பயணம் சேராது, ஊர்க் கணக்கில் அதுதான் கொழுத்த வரி. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் ஊரார் தம் பழக்கத்தை மாற்றிச் சாதித்ததையும், வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது நாடாளுமன்றத்திலும் அரசிலும், எடுத்த முடிவால் தானாக நடந்ததையும் பிரித்துப் பார்க்காமல் ஆஷ்டன் ஹேய்ஸைப் பாராட்டுகிறவர்கள் அந்த ஊருக்கு நல்லது செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

ஊர்க்காரர்கள் இதில் கவனமாகவே இருந்தார்கள். ஊர் எல்லையில் வைத்த பலகை, இங்கிலாந்தின் முதல் கார்பன் சமநிலைக் கிராமமாக ஆகும் முயற்சியில் இருப்பதாகத்தான் சொன்னது. ஆகிவிட்டோம் என்று அறிவிக்கவில்லை.

இன்னொன்று, ஆஷ்டன் ஹேய்ஸ் வசதியான ஊர். செஸ்டர், லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். சொந்த வீடு என்றால் ஜன்னலை மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். ஏற்கெனவே அதிகம் எரிப்பவர்கள் குறைப்பதும் சுலபம். வாடகை வீட்டில், மீட்டரில் காசு போட்டு ஹீட்டர் எரிக்கும் குடும்பத்திடம் போய் ஒரு டிகிரி குறையுங்கள் என்று சொல்ல முடியுமா? இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால், இந்த ஊரைப் பார்த்துத் தொடங்கிய மற்ற ஊர்கள் ஏன் இதே எண்ணை எட்டவில்லை என்பது புரியாது.

ஆண்டு முடிந்த பிறகு

அந்த வேகம் அப்படியே சில பௌதிகப் பொருள்களாகவும் மாறியது. மோல்ட்ஸ்வொர்த் ரயில் நிலையத்துக்கு நடந்துபோக நல்ல பாதை வந்தது. உமிழ்வுக் கணக்கில் இதன் பங்கு சிறிதாக இருக்கலாம், ஆனால் ஒரு பாரிஷ் கவுன்சில் எப்போதும் செய்யத் தெரிந்த வேலை நடைபாதை. கார்பன் பேச்சு அதற்கு ஒரு புதுக் காரணத்தையும் அவசரத்தையும் கொடுத்தது. பின்னாளில் ஊருக்குச் சொந்தமாக ஓர் எரிசக்தி நிறுவனம், தன்னார்வலர்கள் நடத்தும் ஊர்க்கடை என்று வரிசையாக வந்தன. ஒரு காரியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள் அடுத்த காரியத்துக்குச் சேருவது எளிது. 2006இல் கிடைத்த உண்மையான வருமானம் அந்தப் பழக்கம்தான் என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

நிர்வாகப் பக்கத்தில் நடந்தது வேறு ரகம். 2006இல் ஆஷ்டன் ஹேய்ஸுக்கு மேலே இரண்டு அடுக்கு இருந்தன: செஸ்டர் சிட்டி கவுன்சில், அதற்கும் மேலே செஷைர் கவுண்டி கவுன்சில். 2009 ஏப்ரல் 1 அன்று இரண்டுமே கலைக்கப்பட்டு, செஷைர் வெஸ்ட் அண்ட் செஸ்டர் என்ற ஒரே கவுன்சில் வந்தது. பாரிஷ் அசையவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், தொலைபேசி எண்கள் மாறின, யாரிடம் மனுக் கொடுப்பது என்பதே மாறியது. திட்டம் நின்றிருக்க வேண்டிய தருணம் அது. மேலடுக்கின் நிதியிலும் அதிகாரியிலும் தொங்கிக்கொண்டிருந்தால் நின்றுதான் போயிருக்கும். 2015இல் பாரிஷின் எல்லையும் மாறி, பக்கத்து ஹார்ட்டன்-கம்-பீலோடு சேர்ந்து ஒரே பாரிஷ் ஆனது.

சட்டமும் பிற்பாடு தாராளமானது. 2011இல் வந்த உள்ளூர்மயச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு கவுன்சிலர்கள் தேர்தலில் வந்தவர்களாகவும் கிளார்க் உரிய தகுதித்தேர்வு முடித்தவராகவும் இருந்தால், அந்தக் கவுன்சில் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். 137ஆம் பிரிவின் தலைக்கு இத்தனை பவுண்ட் என்ற வரம்பும் அதற்குப் பொருந்தாது. ஆனால் தேர்தலில் நிற்கவே ஆள் கிடைக்காமல், காலி இடங்களைக் கவுன்சிலர்களே ஆள் சேர்த்து நிரப்பும் சின்ன ஊர்கள் ஏராளம். அவற்றுக்கு இந்த அதிகாரம் காகிதத்தில்தான்.

2016 வாக்கில் உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 200 ஊர்களும் நகரங்களும் ஆஷ்டன் ஹேய்ஸைத் தொடர்புகொண்டிருந்தன. நார்வேயிலிருந்து, தைவானிலிருந்து, நியூஜெர்சியிலிருந்து. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்குக் கேள்வித்தாளை அனுப்பலாம், கூட்டத்தின் விதிகளைச் சொல்லலாம். பேராசிரியர் ஊருக்குள்ளேயே குடியிருந்ததையும், தொடங்கியவருக்குப் பத்திரிகைக்காரரின் பேச்சுத் திறமை இருந்ததையும் தபாலில் அனுப்ப முடியாது. கவுன்சிலின் பங்கு மட்டும் எந்த ஊரும் எடுத்துக்கொள்ளக்கூடியது. ஒரு கூட்டம், ஓர் ஆதரவு, பள்ளிக் கூடத்தின் சாவி. அதற்கு அப்புறம் நடத்துகிறவர்களை நடத்தவிட்டுவிட்டு, நடைபாதை மாதிரித் தன் கைக்கு எட்டும் வேலையைக் கவனிப்பது.

அந்த வழி எதுவரை போகும் என்பதற்கு வேறொரு ஊரைப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ்ஷைரில் ஸ்வாஃபம் பிரையர் என்று சுமார் 300 வீடுகள் உள்ள கிராமம். எண்ணெய் பாய்லரை நம்பியிருந்த ஊர். அங்கேயும் தொடங்கியது ஊர்க்காரர்கள்தான், ஒரு சமூக நில அறக்கட்டளை வழியாக. ஆனால் அவர்கள் குறிவைத்தது பழக்கங்களை அல்ல, பாய்லர்களை. நிலத்தடி வெப்பத்தை எடுத்து, ஊர் முழுவதும் குழாய் பதித்து வீடுகளுக்குச் சுடுநீர் அனுப்பும் திட்டம். முதல் வீடுகளுக்கு 2022இல் இணைப்புக் கிடைத்தது. செலவு ஏறத்தாழ 1.2 கோடி பவுண்ட். கேம்பிரிட்ஜ்ஷைர் கவுண்டி கவுன்சில் கட்டுமானத்தைக் கையில் எடுத்தது, மத்திய அரசும் மானியம் கொடுத்தது. ஆஷ்டன் ஹேய்ஸில் பத்தாண்டு முடிவிலும் குறையாமல் தங்கிப்போன உமிழ்வின் முக்கால் பங்கு இருக்கிறதே, அது இந்த மாதிரி வேலை. ஆயிரம் பேர் ஊரின் பிரிசெப்டில் அதற்கு வழியில்லை.